திருவொற்றியூர் வீட்டுப் பின்பக்கத்தில் ஆறு கோழி: கூண்டு கட்டுவதும் கோழி தேர்வதும்

கேள்வி இதுதான்: திருவொற்றியூரில் தனி வீடு, பின்பக்கம் 15க்கு 12 அடி காலியிடம், வீட்டில் நான்கு பேர். ஆறு கோழி வளர்த்து வீட்டு முட்டை சாப்பிட ஆசை. கூண்டை எப்படிக் கட்டுவது? நாட்டுக்கோழியா, கலப்பினமா, எல்லோரும் சொல்லும் கடக்நாத்தா?

கோழியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் கூண்டு. அது முழுக்கக் கட்டி முடிந்து, ஒரு நல்ல மழையிலாவது நனைந்து, எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்த பிறகுதான் கோழி வாங்க வேண்டும். பலர் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிவந்து, அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அவசரத்தில் கம்பியைக் கட்டுகிறார்கள். அந்த அவசரத்தில் விட்ட இரண்டு அங்குல இடைவெளி வழியாகத்தான் பெருச்சாளி வரும்.

வட சென்னையில் கோழிக்கு எமன் மூன்று: ஈரம், பெருச்சாளி, மே மாத வெக்கை. குளிர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் கூண்டுப் படங்களில் பாதி பனி கொட்டும் ஊர்களுக்கானவை: நாலு பக்கமும் பலகை, மேலே சின்னதாக ஒரு ஜன்னல். அதை அப்படியே இங்கே கட்டினால் அக்னி நட்சத்திரத்தில் உள்ளே கோழி வெந்துபோகும். நமக்கு வேண்டியது மேலே கூரை, கீழே உயரம், சுற்றிலும் காற்று, கண் சிறுத்த கம்பி வலை.

கம்பி வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள். வட சென்னைக்காரர்கள் இதை மட்டும் தாண்டிப் போகவே கூடாது. இங்கே பல மனைகள் இடிபாடும் சாம்பலும் குப்பையும் கொட்டி மேடேற்றியவை. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், கொடுங்கையூர்ப் பக்கம் எரிந்த குப்பை, பழைய பட்டறை இருந்த இடமென்றால் பேட்டரித் துண்டும் பெயிண்டும். கோழி நாள் முழுக்க மண்ணைக் கிளறிக் கொத்தும், இரைப்பையில் அரைக்கச் சிறு கற்களையும் விழுங்கும். மண்ணில் ஈயம் இருந்தால் அது முட்டைக்கு வரும். பிளாஸ்டிக் எரிந்த மண்ணில் தங்கும் டயாக்சின் கொழுப்பில் சேரும் நஞ்சு, ஆகவே மஞ்சள் கருவில் போய் உட்காரும். கோழி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், முட்டையும் வழக்கம்போலவே இருக்கும், அதுதான் சிக்கல்.

ஒன்றரை அடி ஆழத்துக்கு நான்கு இடத்தில் தோண்டிப் பாருங்கள். சாம்பல் நிறத் தூள், உருகிய பிளாஸ்டிக், கண்ணாடி, தார் வாடை, எண்ணெய்ப் பிசுக்கு ஏதாவது தெரிந்தால் அந்த மண்ணில் கோழியை விடாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய தெருக்களில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. அங்கே இருப்பவர்கள் தோண்டிப் பார்க்கவே தேவையில்லை, கெட்ட மண் என்றே வைத்துக்கொள்ளலாம். இதற்கு வழி உண்டு. கூண்டின் தரை முழுக்க பேவர் கல்லோ படுக்க வைத்த செங்கல்லோ பதித்து, அதன்மேல் ஆறு அங்குலம் சுத்தமான மணல் போடுங்கள். எம்-சாண்ட் போதும். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் வேண்டாம், தூசு பறந்து கோழிக்கு மூச்சுத் தொல்லை தரும். கடற்கரை மணல் அள்ளிவர நினைக்காதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டே இருக்கும், கம்பியையும் தின்னும்.

அடுத்தது தண்ணீர் மட்டம். 2015-லும் 2023-லும் உங்கள் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். கோழி இரவில் அடையும் அறையின் தரை அந்தக் கோட்டுக்கு மேல் குறைந்தது அரை அடி இருக்க வேண்டும். தண்ணீர் ஏறாத தெருவாக இருந்தாலும் இரண்டரை அடிக்குக் குறைய வேண்டாம். உயர்த்திக் கட்டினால் அடியில் நிழல் கிடைக்கும், கூட்டிப் பெருக்க முடியும், எலி ஒளிய இருட்டு மூலை இருக்காது.

ஆறு கோழிக்கு 12 அடி நீளம், 4 அடி அகலம் போதும். ஒரு கோழிக்கு நடமாட எட்டுச் சதுர அடி கிடைக்கும். இதைவிடச் சுருக்கினால் ஒன்றன் வாலை ஒன்று கொத்தத் தொடங்கும். நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகலான 4 அடிப் பக்கத்தில்தான் விழும். வீட்டுச் சுவரையோ மதிலையோ ஒட்டிக் கட்டாதீர்கள், இரண்டடி விடுங்கள். சுவர் வெப்பத்தைத் திருப்பி அடிக்கும். எலி எப்போதும் சுவரோரமாகவே ஓடும், அதன் பாதையில் கூண்டை வைத்துவிட்டு எலியைக் குறை சொல்லிப் பயனில்லை.

சட்டத்துக்கு ஒரு அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரப் பைப், 16 கேஜ். முன்பக்கத் தூண் நான்கு, ஆறடி உயரம். பின்பக்கத் தூண் நான்கு, ஐந்தரை அடி. நான்கடி அகலத்துக்கு அரையடி சரிவு மழைநீர் ஓடப் போதும். மேலும் கீழும் நடுவிலும் குறுக்குப் பைப்புகள், அறையின் தரைச் சட்டம், ஆள் நுழைய இரண்டடிக் கதவு எல்லாம் சேர்த்து 20 அடிப் பைப் ஒன்பது ஆகும், வெட்டுச் சேதத்துக்குப் பத்தாக வாங்குங்கள். கதவு ஆள் உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். குனிந்து நுழையும் கூண்டை யாரும் தினமும் சுத்தம் செய்வதில்லை.

கடலுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெல்டிங் வைத்த இடத்தில் நாகப்பூச்சு எரிந்துவிடும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். ஒவ்வொரு வெல்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஜிங்க் பிரைமர் இரண்டு கோட் அடித்து, பிறகு பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். வெல்டர் "ஒரு கோட் போதும் சார்" என்பார். போதாது. கட்டுக்கம்பி, சாதா ஆணி இரண்டையும் தவிர்த்து ஸ்டெயின்லெஸ் திருகும் அகல வாஷரும் போடுங்கள்.

மரத்தில் கட்டலாமா என்றால் கட்டலாம். வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகளில் பழைய சட்டங்கள் கிடைக்கும். கன்டெய்னர் யார்டுகளிலிருந்து வரும் பேக்கிங் பலகை மலிவு, ஆனால் அதன் பக்கவாட்டில் உள்ள முத்திரையைப் பாருங்கள். 'HT' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். 'MB' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, கோழிக்கும் வேண்டாம், அடுப்புக்கும் வேண்டாம். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறை படிந்த பலகையும் அப்படித்தான். மரத்தில் இன்னொரு தொல்லை: இடுக்குகளில் செள்ளு (கோழி உடம்பில் ஒட்டும் சிறு பூச்சி) குடியேறும்.

இப்போது வலை. கடையில் கோழி வலை என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பியை எடுத்துத் தருவார்கள். அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான், வெளியே இருப்பது உள்ளே வராமல் இருக்க அல்ல. தெருநாய் பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும், பெருச்சாளி பிய்த்துவிடும். வாங்க வேண்டியது வெல்டு மெஷ். கீழ்ப்பகுதிக்கு அரை அங்குலக் கண், 18 கேஜுக்கு மெலியாதது, நான்கடி அகலச் சுருள். கூண்டின் சுற்றளவு 32 அடி, மூலை மடிப்புக்கும் சேர்த்து 36 அடி நீளம் வெட்டி வாங்குங்கள். அந்த நான்கடியில் மூன்றடியைத் தூணில் மேலேற்றிப் பொருத்தி, மீதி ஒரு அடியை வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் படுக்க வைத்து, மேலே கல்லோ செங்கல்லோ அடுக்கி மண் போட்டுவிடுங்கள். பெருச்சாளியும் நாயும் சுவர் தரையைத் தொடும் இடத்தில்தான் தோண்டும். அங்கே கம்பி காலடியிலேயே கிடக்கும். ஒரு அடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்ற யோசனை அவற்றுக்கு வருவதில்லை. வலையை நேராக ஓரடி ஆழத்துக்குப் புதைப்பதைவிட இது எளிது, மண்ணுக்குள் துருப்பிடிப்பதும் குறைவு.

மேல் மூன்றடிக்கு ஒரு அங்குலக் கண் போதும். சிறு எலி அதில் ஏறி நுழையும், அதைத் தடுக்க முடியாது. இரவில் தீவனத்தை எடுத்துவிட்டால் அது நுழையக் காரணம் இருக்காது. ஆனால் கோழி அடையும் அறைக்கு மட்டும் வலை வரும் இடமெல்லாம் அரை அங்குலம்தான். ஒரு அங்குலக் கண்ணில் சாரைப்பாம்புக் குட்டியும் நுழையும்.

வலை வாங்கும்போது கம்பிகள் குறுக்கே சந்திக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். வெல்டு செய்த பிறகு முலாம் பூசியதென்றால் அந்தச் சந்திப்பு முழுக்கத் துத்தநாகம் மூடி வழவழப்பாக இருக்கும். முலாம் பூசிய கம்பியை எடுத்துப் பிறகு வெல்டு செய்ததென்றால் ஒவ்வொரு சந்திப்பிலும் கருத்த புள்ளி தெரியும். விலை வித்தியாசம் உண்டு, ஆயினும் கடற்காற்றில் இரண்டாவது வகை ஓரிரு மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாக விட்டுப்போகும்.

கூரை 12 அடிக்கும் முழுதாக வேண்டும். பாதிக் கூரை, பாதி வலை என்று விட்டால் ஐப்பசி கார்த்திகையில் அந்தப் பாதி சேறாகி, ஈரக் காலோடு கோழி அறைக்குள் ஏறி, உமியெல்லாம் நனைந்துவிடும். வெயில் பக்கவாட்டில் வந்தாலே போதும். காகமும் பருந்தும் இங்கே கொஞ்சமா? முழுக் கூரை அதற்கும் பதில். கால்வால்யூம் ஷீட் (அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய தகடு) கடற்காற்றைச் சாதாத் தகரத்தைவிட நன்றாகத் தாங்கும். சுற்றிலும் ஒரு அடி வெளியே நீட்டி, ஜே போல்ட்டும் ரப்பர் வாஷரும் போட்டு முடுக்குங்கள். மேலே வெள்ளைக் கூலிங் பெயிண்ட் அடியுங்கள், பங்குனி முதல் ஆனி வரை தென்னங்கீற்றும் பரப்பலாம். வெறும் கீற்றுக் கூரை குளிர்ச்சிதான், ஆனால் எலி குடித்தனம் நடத்தும், தீபாவளி ராக்கெட்டுக்கு உத்தரவாதமும் கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம், அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

காற்றுக்கு: ஒவ்வொரு தூணுக்கும் அடியில் இரும்புத் தகடு வைத்து வெல்டு செய்து, ஒன்றரை அடி ஆழக் கான்கிரீட்டில் புதைத்த போல்ட்டில் முடுக்குங்கள். 2016 வர்தா புயலைப் பார்த்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அறை 4 அடிக்கு 3 அடி. கிழக்கு ஓரத்திலோ மேற்கு ஓரத்திலோ, மேல் கூரைக்குக் கீழேயே தூக்கிக் கட்டினது. தரைக்கு 12 மில்லிமீட்டர் மரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்), அதன்மேல் பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்து ஓரங்களை மேலே மடித்து அடித்துவிடுங்கள். ஈரம் பலகைக்குப் போகாது, அழுக்கானால் உருவிக் கழுவலாம். (தேர்தல் முடிந்ததும் பேனருக்குப் பஞ்சமே இல்லை.) மேலே மூன்று அங்குலம் உமி. செங்குன்றம் அரிசி ஆலைகளில் மூட்டையாகக் கிடைக்கும். மரத்தூளைவிட உமி சீக்கிரம் காயும். வடக்கு, கிழக்குப் பக்கச் சுவர்கள் ஒன்றரை அடி உயரத்துக்குச் சிமென்ட் போர்டு, அதற்கு மேல் வலை. வடகிழக்குப் பருவமழை அடிக்கும் திசை அது. மற்ற இரண்டு பக்கமும் வலையே. மழை நாளில் இறக்கிவிட, மேலே சுருட்டிக் கட்டிய பிளெக்ஸ் திரை ஒன்று. எத்தனை மழை பெய்தாலும் திரைக்கும் கூரைக்கும் இடையில் ஒரு அடி திறந்தே இருக்க வேண்டும். கோழி எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா அந்த வழியாகத்தான் வெளியேறும். சோதனை சுலபம். விடியற்காலையில் அறைக்குள் கோழியின் தலை மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுபோங்கள். கண் எரிந்தால் உமி ஈரம், அன்றே மாற்றுங்கள். மழைக்காலச் சளித் தொல்லையில் பெரும்பகுதி இந்தக் காற்றில்தான் தொடங்குகிறது.

அடையும் கம்பு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒரு அடி தள்ளி இரண்டு. ஒரே மட்டத்தில் வையுங்கள், ஏணி மாதிரி வைத்தால் உச்சிக் கம்புக்குத் தினமும் சண்டை. இரண்டு அங்குல மரச் சட்டத்தின் விளிம்பை இழைத்து உருட்டினால் போதும். பிவிசி பைப் வழுக்கும், பாதம் புண்ணாகும். முட்டைப் பெட்டி இரண்டு, 12 அங்குலம் அகலம், 12 ஆழம், 14 உயரம், அறைக்கு வெளியே துருத்தி, மூடியை வெளியிலிருந்து திறக்கும்படி. கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கோழி உயரத்தைத் தேடிப் பெட்டிக்குள்ளேயே தூங்கி எச்சமிடும்.

கொசுவுக்கு நைலான் வலை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கோழி அம்மையைப் பரப்புவதில் கொசுவுக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கிங்காம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் ஓடும் பகுதியில் அறையின் வலைக்கு வெளியே நைலான் வலையையும் அடித்துவிடுவது கைச்செலவுக்குள் முடிகிற காரியம்.

இனி கோழி.

உங்கள் இடம் அடைப்புக் கூண்டு, மேய்ச்சல் காடு இல்லை. தேர்வு அதிலிருந்து தொடங்க வேண்டும். நாட்டுக்கோழியில் சிறிய வகையான சிறுவிடை அருமையான கோழி: ஒன்று, ஒன்றரை கிலோ எடை, நோய் தாங்கும், தானே அடைகாத்துக் குஞ்சும் வளர்க்கும். ஆனால் அதன் திறமையெல்லாம் தெருவில் மேய்ந்து தின்பதில்தான். கூண்டில் அடைத்து மூட்டைத் தீவனம் போட்டால் அது அதிகமாக முட்டையிடப்போவதில்லை. ஒரு தொகுதி முட்டையிடும், அடைக்கு உட்காரும், குஞ்சை வளர்க்கும், பிறகு மறுபடி ஆரம்பிக்கும். வருடத்துக்கு 60 முதல் 90 முட்டை என்று கணக்கு வையுங்கள். திறந்துவிட்டால் ஆறடி மதில் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, பக்கத்து வீட்டு முருங்கையில் போய் அடையும்.

பெருவிடை, அசில் வகை முட்டைக்கானதே அல்ல, வருடத்துக்கு ஐம்பதை ஒட்டித்தான். பெட்டைகளும் சண்டைக்குணம் கொண்டவை, ஆறு பேர் இருக்கும் அறைக்கு ஆகாது. கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா வட்டாரக் கோழி, கறிக்காகப் பெயர் வாங்கியது, 2018-ல் புவிசார் குறியீடும் பெற்றது. முட்டையிடும், ஆனால் சுமார்தான். முட்டைக்கு அத்தனை விலை கொடுத்து வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

நான்கு பேர் குடும்பத்துக்குத் தினம் மூன்று முட்டை வேண்டும் என்றால் இரண்டே வழி. ஒன்று, பிவி 380 போன்ற பழுப்பு முட்டைக் கலப்பினம். வருடத்துக்கு 300-ஐ ஒட்டி இடும், சாந்தமானது, அடைக்கு உட்காராது, 20 வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும். ஆனால் தீவனத்தில் கை வைத்தால் உடனே முட்டை நிற்கும், ஓடு மெலியும். இன்னொன்று, ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடைக்கென்றே உருவாக்கிய கிராமப்பிரியா. நல்ல தீவனத்தில் 200-ஐ எட்டும், உடம்பு கொஞ்சம் முரட்டு உடம்பு, வெயில் தாங்கும், முட்டைக்கு வர ஆறு மாதம் நெருங்கும். அதே நிறுவனத்தின் வனராஜா கறி, முட்டை இரண்டுக்கும் பொதுவானது. முட்டை அதில் பாதிதான், பெயர் ஒரே மாதிரி ஒலிப்பதால் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

என் பரிந்துரை: நான்கு கலப்பினப் பெட்டை (பிவி 380 அல்லது கிராமப்பிரியா, இரண்டில் கிடைப்பது), இரண்டு சிறுவிடை. நான்கும் பிவி 380 என்றால் தினம் மூன்று முட்டை வரும், கிராமப்பிரியா என்றால் இரண்டுக்குச் சற்று மேல். சிறுவிடை இரண்டும் பிற்பாடு குஞ்சு வேண்டுமென்றால் அடைவைக்க. எல்லாவற்றையும் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே வயதில் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து ஒன்றைச் சேர்த்தால் பழசுகள் அதைக் கொத்தியே மூலையில் உட்காரவைக்கும். சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலேயே கோழி முட்டையிடும், குஞ்சுதான் பொரிக்காது. நெருக்கமான தெருவில் விடியற்காலை நாலு மணிக் கூவலுக்கு வரும் சண்டையை இரண்டு முட்டை கொடுத்துத் தீர்க்க முடியாது. குஞ்சு வேண்டுமானால் கருவுற்ற முட்டையைச் சேவல் வைத்திருப்பவரிடம் பத்துப் பன்னிரண்டு வாங்கி, அடைக்கு உட்கார்ந்த சிறுவிடையின் கீழ் வைத்தால் 21 நாளில் ஆயிற்று.

முதல் தடவை வளர்ப்பவர் நாள்குஞ்சு வாங்க வேண்டாம். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்குச் சில டிகிரியாகக் குறைப்பது, காகம், பூனை, இரத்தக் கழிச்சல் என்று அது தனிக் கதை. தெருவில் கூடையில் வைத்துப் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்கிறார்களே, அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணையில் கழித்த சேவல் குஞ்சுகள். அவற்றிலிருந்து முட்டையை எதிர்பார்த்துக் குழந்தைகளை ஏமாற்றாதீர்கள். 16 வார வெடக்கோழி (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டை) வாங்குங்கள். மாதவரம் பால்பண்ணை வளாகத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. என்ன இருப்பு என்று முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். பல்லாவரம் வெள்ளிச் சந்தையிலும் கோழி கிடைக்கும், ஆனால் சந்தைக் கோழி பல ஊர் நோயைப் பார்த்த கோழி.

கையில் எடுத்துப் பாருங்கள். கண் பளிச்சென்று, மூக்கில் ஒழுக்கு இல்லாமல், வாய் மூடி மூச்சுவிட வேண்டும். நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்தினால் மெலிந்த கோழி. ஆசனவாய்ச் சுற்று இறகில் வெள்ளையோ பச்சையோ ஒட்டியிருந்தால் வைத்துவிடுங்கள். இறக்கைக்கு அடியில் இறகைப் பிரித்து ஊதினால் செள்ளு ஓடுவது தெரியும். எந்தெந்தத் தடுப்பூசி எந்தத் தேதியில் போட்டது என்று விற்பவர் சொல்ல முடியவில்லை என்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கி வந்ததும் முதல் ஒரு வாரம் கூண்டுக்குள்ளேயே, இரவில் அறைக்குள் அடைத்து வைத்தால் அதுதான் தன் வீடு என்று பழகிவிடும்.

தடுப்பூசியில் வெள்ளைக் கழிச்சல் (கோழிக் கழிச்சல், ராணிக்கெட் என்றும் சொல்வார்கள்) முக்கியம். வந்தால் ஒரு வாரத்தில் கூண்டு காலி, மருந்து கிடையாது. வழக்கமான அட்டவணை: முதல் வாரத்தில் கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு, நாலாவது வாரம் மறு சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. அம்மை ஊசி ஆறாவது வார வாக்கில், இறக்கைச் சவ்வில். ஆறு கோழிக்காரரின் சிக்கல் என்னவென்றால் மருந்துக் குப்பி நூறு, இருநூறு கோழிக்கான அளவில் வரும், கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதுவரை பனிக்கட்டியில் இருக்க வேண்டும். பேருந்தில் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்த மருந்தைப் போடுவதும் போடாமல் விடுவதும் ஒன்று. அதனால் தெருவில் நாலைந்து கோழிக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள், அல்லது கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை கோழிக் கழிச்சலுக்கு முகாம்களும் நடத்துகிறது, வழக்கமாகப் பிப்ரவரியில். நோய் என்று வந்தால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு மூன்று கோழி செத்தால் அறுத்துச் சமைக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தும் அனுப்பாதீர்கள். உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

தீவனம்: கலப்பினத்துக்கு நாளைக்கு 110 கிராம் லேயர் தீவனம் (முட்டைக்கோழித் தீவனம்), சிறுவிடைக்கு 70, 80 கிராம். மொத்தம் மாதத்துக்கு 18 கிலோ. 50 கிலோ மூட்டை வாங்கினால் இரண்டரை மாதத்துக்கு மேல் கிடக்கும், கடலோர ஈரத்தில் அது பூசணம் பிடிக்கும். பூசணத்தின் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுத்து முட்டையை நிறுத்தும், கடலைப் பிண்ணாக்கில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். மூட்டையை யாருடனாவது பங்கு போட்டு, மூடி இறுகும் டிரம்மில் வையுங்கள். காய்கறிக் கழிவு, கீரைத் தண்டு, முருங்கைக் கீரை தாராளமாக. சோறு ஒரு கைப்பிடி போதும். சோறு நிறைய போட்டால் வயிறு நிறையும், புரதம் கிடைக்காது.

காசிமேட்டுப் பக்கம் கருவாட்டுக் கழிவு சும்மா கிடைக்கிறதே என்பார்கள். உப்புக் கருவாடு கோழிக்கு விஷம் மாதிரிதான். தீவனத்தில் உப்பு நூறு கிராமுக்குக் கால் கிராம் சொச்சம் இருந்தால் போதும். அதிகமானால் தண்ணீராகக் குடித்து, நீராகக் கழித்து, உமி நனைந்து, முற்றினால் சாகும். உப்பில்லாமல் காய்ந்த சிறு மீன் என்றால் பொடித்துத் தீவனத்தில் கொஞ்சமாகக் கலக்கலாம். கூடினால் முட்டையிலேயே மீன் வாடை அடிக்கும். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும்: கிளிஞ்சலைக் கழுவி, காயவைத்து, துவரம்பருப்பு அளவில் உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தீவனத்தில் கலக்க வேண்டாம். வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும்.

போர்த் தண்ணீர் உப்புக் கரித்தால் கோழிக்கு வைக்காதீர்கள், ஓடு கெடும், கழிச்சல் நீர்க்கும். மெட்ரோ தண்ணீர் போதும். ஒரு கோழிக்குக் கால் லிட்டர், மே மாதத்தில் இரண்டு மடங்கு. கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இரைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும், ஓடு கட்ட வேண்டிய கார்பனேட்டுக்குத் தட்டுப்பாடு வரும். கோடையில் முட்டை ஓடு மெலிவதற்கு ஒரு பெரிய காரணம் இது, எல்லாவற்றுக்கும் தீவனக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. மதியம் 11 முதல் 4 வரை தீவனம் வேண்டாம், செரிமானமே உடம்பைச் சூடாக்கும். விடியற்காலையிலும் மாலையிலும் போடுங்கள். கூண்டுத் தரை மணலில் நிழலான ஒரு மூலையை மட்டும் தண்ணீர் தெளித்து நனையுங்கள், கோழி தானே போய்ப் படுத்துக்கொள்ளும். எதிர் மூலை உலர்ந்தே இருக்கட்டும், அங்கே மணலோடு விறகடுப்புச் சாம்பல் கலந்து வைத்தால் புரண்டு குளிக்கும், செள்ளு குறையும். அனல்மின் நிலையச் சாம்பலை அதற்கு எடுக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

கார்த்திகை, மார்கழியில் கலப்பினம் முட்டையைக் குறைத்தால் நோய் என்று பயப்படாதீர்கள். அதற்கு நாளைக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். சென்னையில் கோடையிலேயே பகல் 13 மணி நேரத்தை எட்டாது. விடியுமுன் மூன்று மணி நேரம் ஒரு சின்ன எல்இடி பல்பை டைமரில் எரியவிட்டால் சரியாகும். வேண்டாம், இயற்கையாகவே இருக்கட்டும் என்றாலும் தவறில்லை.

தினமும் எச்சத்தை வாரி உமியைக் கிளறினால் ஈயும் வாடையும் இருக்காது. வாரிய எச்சத்தை மூடிய தொட்டியில் இலைச் சருகோடு இரண்டு மாதம் மட்கவிட்டுச் செடிக்குப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் செடி கருகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உமி முழுதையும் மாற்றி, கம்பின் முனையிலும் இடுக்கிலும் வேப்பெண்ணெய் தடவி, சிமென்ட் போர்டுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள்.

கட்டுவதற்கு முன் மாநகராட்சி விதியை உங்கள் மண்டல அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். திருவொற்றியூர் முதல் மண்டலம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும்.

கடைசியாக, வாங்கும்போதே வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டிய ஒன்று. கலப்பினப் பெட்டை முதல் வருடம் கொட்டிக் கொடுக்கும், இரண்டாம் வருடம் குறையும், மூன்றாம் வருடம் தீவனச் செலவுக்கு முட்டை ஈடாகாது. அப்போது அதை விற்பதா, குழம்பு வைப்பதா, சும்மா வைத்துச் சோறு போடுவதா? குழந்தைகள் பெயர் வைக்கும் முன்பே பேசிவிடுங்கள். ஆறுக்குமே பெயர் வைத்துவிட்டார்கள் என்றால் அடுத்த தொகுதிக்கு இன்னொரு கூண்டு கட்ட இடம் பார்க்க வேண்டியிருக்கும், 15க்கு 12 அடியில் அதற்கு இடமில்லை.